மீன் புரதத்தில் பரம்பரையலகைப் பொதிவது எப்படி: திருகோணமலை வெக்கையில் புரோட்டமின் நனோதுணிக்கை செய்தல்

டிஎன்ஏயைக் கலத்துக்குள் அனுப்புவதற்கு முதல் தடை ஏற்றம். டிஎன்ஏ மறையேற்றம் கொண்டது. கல மென்சவ்வின் வெளிப்புறமும் மறையேற்றம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அடுத்த தடை நீளம். பச்சையாய் ஒளிரும் புரதத்தைக் குறிக்கும் பிஈஜிஎஃப்பி-என்1 என்ற பிளாஸ்மிட்டில், அதாவது வளைய டிஎன்ஏயில், 4733 காரச்சோடிகள் உள்ளன. விரித்து நீட்டினால் ஏறத்தாழ 1.6 மைக்குரோமீற்றர் வரும். அதைச் சுருட்டி, 100 முதல் 200 நனோமீற்றர் அளவான உருண்டையாக்கி, வெளிப்புறத்தை நேரேற்றமாக மாற்றினால் கலம் விழுங்கும். இந்தச் சுருட்டும் வேலையை இயற்கையில் செய்கிற புரதம் புரோட்டமின். ஆண் மீனின் விந்தணுத் தலைக்குள் டிஎன்ஏயை இறுக்கி வைத்திருப்பது அதுதான். ரைன் ஆற்றுச் சமன் மீனிலிருந்து அதை 1874இல் பிரித்தெடுத்தவர் ஃபிரீட்ரிக் மீஷர்.

ஜெலற்றின், அல்புமின் ஆகியவற்றிலும் துணிக்கை செய்யலாம். ஆனால் அவற்றை உறுதிப்படுத்தப் பெரும்பாலும் குளூட்டரல்டிகைட்டு சேர்க்க வேண்டும். அதன் எச்சம் முழுதாய்க் கழுவப்படாவிட்டால் கலம் சாகும். அப்போது துணிக்கை கெட்டதா, கழுவியது போதவில்லையா என்று பிரித்தறிய முடியாது. முதன்முதல் கைவைப்பவர் புரோட்டமினில் தொடங்குவதே சரி. ஏற்றத்தை எண்ணத் தெரிந்தால் போதும், பிணைக்கும் வேதிப்பொருள் எதுவும் வேண்டாம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்திலோ பாடசாலை உயர்தர ஆய்வுகூடத்திலோ வேலை செய்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். செய்முறைத் தாள்களில் வரும் 'அறை வெப்பநிலை' என்பது 20 முதல் 25 பாகை செல்சியஸ். கச்சான் வீசும் மாதங்களில் குளிரூட்டாத அறையில் நம் மேசை 31, 32 பாகையில் நிற்கும். கீழே உள்ள பல தவறுகளுக்கு அதுவே வேர்.

ஏற்றக் கணக்கு

சமன் மீன் புரோட்டமினின் 32 அமினோ அமிலங்களில் 21 ஆர்ஜினின். ஒவ்வொன்றும் ஒரு நேரேற்றம். சல்பேற்று உப்பாக வரும் தூளின் மூலக்கூற்று நிறை ஏறத்தாழ 5100. ஆகவே 1 மைக்குரோகிராம் தூளில் ஏறத்தாழ 4.1 நனோமோல் நேரேற்றம் இருக்கும். டிஎன்ஏ 1 மைக்குரோகிராமில் 3 நனோமோல் பொசுபேற்று, அதாவது 3 நனோமோல் மறையேற்றம். மூன்றை 4.1 ஆல் வகுத்தால் 0.73. டிஎன்ஏ ஒரு பங்குக்குப் புரோட்டமின் முக்கால் பங்கு சேரும் இடத்தில் ஏற்றங்கள் சமப்படும்.

அந்த இடம்தான் ஆபத்தானது. ஏற்றமில்லாத உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளமாட்டா, ஒட்டித் திரளும். ஆகவே நாம் வேலை செய்ய வேண்டியது சமநிலையைத் தாண்டி, புரோட்டமின் மிஞ்சி நிற்கும் பக்கத்தில். நிறை விகிதம் 1.5 முதல் 2 வரை நல்ல தொடக்கம். இந்த எண்ணை மனப்பாடம் பண்ணி விட்டுவிடாதீர்கள். உங்கள் பிளாஸ்மிட், உங்கள் புரோட்டமின் போத்தல் இரண்டுக்கும் ஒருமுறை வரிசையாய்ச் செய்து பார்த்தே தீரவேண்டும்.

கரைசல்கள்

அடிப்படைக் கரைசல்: குளுக்கோசு 5 கிராம், பிஎச்சை நிலையாய் வைக்கும் ஹெப்பிஸ் 0.238 கிராம், 90 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீர். சோடியம் ஐதரொட்சைட்டுத் துளிகளால் பிஎச் 7.4 ஆக்கி, 100 மில்லிலீற்றருக்கு நிரப்புங்கள். 0.22 மைக்குரோமீற்றர் வடியால் வடியுங்கள். அழுத்தக் கொதிகலனில் வைக்க வேண்டாம், குளுக்கோசு பழுப்பாகும்.

ஏன் குளுக்கோசு? கலத்துக்கு ஒத்த சவ்வூடு அமுக்கம் வேண்டும், ஆனால் உப்பு கூடாது. உப்பின் அயன்கள் புரோட்டமினுக்கும் டிஎன்ஏக்கும் நடுவே புகுந்து ஏற்றத்தை மறைத்துவிடும், துணிக்கைகள் தள்ளும் வலுவை இழந்து திரளும். எனவே பொசுபேற்று உப்புத் தாங்கற் கரைசலில் கலப்பது முதல் தவறு. இரண்டாவது தவறு தண்ணீர். கந்தளாய்க் குளத்து நீர் குழாயில் தெளிவாய் வந்தாலும் அதில் கல்சியமும் குளோரைட்டும் உண்டு. கடலோரக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பழைய வடிகலனில் இறக்கிய நீரையும் கடத்துதிறன்மானியில் ஒருமுறை பாருங்கள்.

ட்ரிஸ் தாங்கற் கரைசலை விட ஹெப்பிஸைப் பரிந்துரைப்பதற்கும் வெப்பமே காரணம். ட்ரிஸின் பிஎச் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 பாகையில் சரிசெய்த கரைசல் 32 பாகையில் 0.2 குறைந்து நிற்கும். ஹெப்பிஸின் சரிவு அதில் பாதி. பிஎச் மானியை அன்றைய மேசை வெப்பநிலையில் திருத்தி, அந்த வெப்பநிலையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

புரோட்டமின்: தூள் ஈரத்தை உறிஞ்சும். வாடைக் காலத்தில் பிரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் போத்தலைத் திறந்தால் உள்ளே நீர் பனிக்கும், அடுத்த முறை நிறுக்கும்போது தூளில் பாதி தண்ணீர். உலர்த்திக்குள் வைத்து அரைமணி கழித்துத் திறவுங்கள். 20 மில்லிகிராமை 20 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, மில்லிலீற்றருக்கு 1 மில்லிகிராம் ஆக்குங்கள். ஐந்து மில்லிகிராம் நிறுப்பதைத் தவிருங்கள். மின்விசிறிக் காற்றில் தராசு ஆடும் அளவே அதில் கணிசமான பங்கு. கரைசல் குளிரில் கலங்கினால் 37 பாகை நீரில் சில நிமிடம் வைத்தால் தெளியும்.

மருத்துவமனைகளில் இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்கப் பயன்படும் புரோட்டமின் ஊசிமருந்தும் இதே பொருள்தான். மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம், கூடவே 0.9 வீதம் உப்பு. 125 மடங்கு ஐதாக்கும்போது உப்பு 1.2 மில்லிமோலருக்கு இறங்கிவிடும், தொந்தரவு தராது. ஆனாலும் ஆய்வுக்கு ஆய்வுத்தரத் தூளே நல்லது.

"கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் சூரை வெட்டும்போது வீசுகிற விந்துப்பையில் இருந்து நாமே எடுக்கலாமே" என்ற கேள்வி மாணவரிடமிருந்து கட்டாயம் வரும். சூரையினத்துப் புரோட்டமினுக்குத் தைனின் என்றே தனிப் பெயர் உண்டு, ஆகவே கேள்வி நல்ல கேள்வி. பிரித்தெடுப்பு தனி ஆய்வாகச் செய்யத் தக்கது. ஆனால் மீனின் முதிர்ச்சியைப் பொறுத்து டிஎன்ஏயைச் சுற்றும் இன்னொரு புரதமான ஹிஸ்டோனின் கலப்பு மாறும். மாறும் மூலப்பொருளை வைத்துக்கொண்டு இந்த வேலையைக் கற்க முடியாது.

டிஎன்ஏ: 260, 280 நனோமீற்றர் உறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 1.9 வரை இருக்க வேண்டும். 260, 230 விகிதம் 2க்கு அருகில் வரவேண்டும். பின்னது தாழ்ந்தால் பிரித்தெடுக்கும் பெட்டியின் குவானிடீன் உப்பு மிஞ்சியிருக்கிறது. அந்த உப்பும் துணிக்கையைக் குலைக்கும். கடைசிக் கழுவலின் எதனோலை முழுதாய் ஆவியாக விட்டு, நீரில் இறக்குங்கள். ஆர்என்ஏ கலந்திருந்தால் இன்னும் கேடு. அதுவும் 260இல் உறிஞ்சும், அதுவும் புரோட்டமினைப் பிடிக்கும், உங்கள் விகிதக் கணக்கு முழுவதும் பொய்யாகும். மின்புலத்தில் டிஎன்ஏயை அளவுப்படி பிரிக்கும் அகரோஸ் கூழ்ப் பலகையில் அடியில் மங்கலான புகைபோல் தெரிந்தால், ஆர்என்ஏயை வெட்டும் ஆர்என்ஏஸ் நொதியம் இட்டு மறுபடி சுத்தப்படுத்துங்கள்.

கலக்கும் விதம்

டிஎன்ஏயை அடிப்படைக் கரைசலில் மில்லிலீற்றருக்கு 40 மைக்குரோகிராம் ஆக்குங்கள். மைக்குரோலீற்றருக்கு 1 மைக்குரோகிராம் உள்ள பிளாஸ்மிட் 36 மைக்குரோலீற்றர், கரைசல் 864 மைக்குரோலீற்றர். ஏழு விகிதத்துக்கும் ஒரு ஒப்பீட்டுக்கும் போதும்.

முன்னர் கரைத்து வைத்த புரோட்டமின் இருப்பை ஐந்து மடங்கு ஐதாக்கி மில்லிலீற்றருக்கு 200 மைக்குரோகிராம் ஆக்குங்கள். நேரடியாய் இருப்பிலிருந்து 1 மைக்குரோலீற்றர் எடுக்கப் பார்க்க வேண்டாம், நுனியின் வெளிப்புறத்தில் ஒட்டும் துளியே பிழையைத் தரும். ஏழு பொலிப்புரொப்பிலீன் குழாய்களில் இந்த ஐதான கரைசல் 5, 10, 15, 20, 30, 40, 60 மைக்குரோலீற்றர் வீதம் இட்டு, ஒவ்வொன்றையும் அடிப்படைக் கரைசலால் 100க்கு நிரப்புங்கள். டிஎன்ஏ 100 மைக்குரோலீற்றர் சேரும்போது நிறை விகிதம் முறையே 0.25, 0.5, 0.75, 1, 1.5, 2, 3 ஆகும். கண்ணாடிக் குழாய் வேண்டாம். இவ்வளவு ஐதான புரோட்டமின் கண்ணாடிச் சுவரில் ஒட்டிவிடும், கரைசலில் மிஞ்சுவது கணக்கிட்டதைவிடக் குறைவு. அதே காரணத்தால் ஐதான கரைசலை அன்றன்று செய்து அன்றே முடியுங்கள்.

இனிச் சேர்க்கும் வரிசை. இதில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். புரோட்டமின் இருக்கும் குழாய்க்குள் டிஎன்ஏயை விடுங்கள், அதுவும் ஒரே வீச்சில். டிஎன்ஏக்குள் புரோட்டமினைச் சொட்டுச் சொட்டாய் விட்டால் கலவை குறைந்த விகிதத்தில் தொடங்கி, 0.73ஐக் கடந்து, பிறகே 2க்கு வரும். கடக்கும் அந்தக் கணத்திலேயே திரண்டுவிடும். திரண்டதைப் பின்னால் சேரும் புரோட்டமின் பிரிக்காது. புரோட்டமினுக்குள் டிஎன்ஏ விழும்போது ஒவ்வோர் இழையும் மிகுந்த நேரேற்றத்துக்குள்ளேயே விழுகிறது.

பிப்பெட்டை 100இல் வைத்து, நுனியைத் திரவத்துக்குள் இறக்கி, ஒரே அழுத்தலில் விட்டு, உடனே பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். குமிழி வரக்கூடாது. மூடியை இறுக்கி 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். மூடாத குழாயில் 200 மைக்குரோலீற்றர் வெக்கையில் கண்ணுக்குத் தெரியாமல் சுண்டும்.

இப்போது குழாய்களை வரிசையாய் நிறுத்தி, பின்னால் கறுப்புத் தாள் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். 0.25 தெளிவாய் நிற்கும். 0.75 தேங்காய்ப்பால் மூன்றாம் பிழிவுபோல் வெளுத்திருக்கும், சில நேரம் அடியில் பஞ்சுத் துகள் தெரியும். 1.5க்கு மேல் மறுபடி தெளியும், வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் மட்டும் மெல்லிய நீலச் சாயல். அந்த நீலம்தான் நீங்கள் தேடியது. எல்லாக் குழாயும் வெளுத்திருந்தால் உப்பு புகுந்திருக்கிறது. எதுவும் வெளுக்காவிட்டால் இரண்டில் ஒன்றின் செறிவு பிழை. நிறமானி இருந்தால் 400 நனோமீற்றரில் அளந்து எழுதுங்கள். அங்கே டிஎன்ஏயும் புரோட்டமினும் உறிஞ்சமாட்டா, வருவதெல்லாம் துணிக்கை சிதறடித்த ஒளி.

அகரோஸில் சரிபார்த்தல்

0.8 வீத அகரோஸ், ட்ரிஸ்-அசற்றேற்று-ஈடிடிஏ கரைசல், 80 வோல்ட், 45 நிமிடம். ஒவ்வொரு குழியிலும் 10 மைக்குரோலீற்றர், அதாவது 200 நனோகிராம் டிஎன்ஏ. பிணைபடாத டிஎன்ஏ ஓடும், பிணைபட்டது குழியிலேயே நிற்கும். ஓடும் கோடு எந்த விகிதத்தில் மறைகிறதோ அதுவே உங்கள் முழுப் பிணைப்பு விகிதம். கணக்குச் சரியென்றால் 0.75க்கும் 1க்கும் நடுவில் வரும்.

குழியில் ஏற்றும் சாயத்தில் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருள் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். விற்பனைக்கு வரும் சில சாயங்களில் உண்டு. அது புரோட்டமினைக் கழற்றிவிடும், எல்லா விகிதத்திலும் டிஎன்ஏ ஓடும், நீங்கள் துணிக்கையே உருவாகவில்லை என்று நினைத்துக் குப்பையில் போடுவீர்கள். கிளிசரோலும் புரோமோபீனோல் நீலமும் மட்டும் கலந்து நீங்களே சாயம் செய்துகொள்வது மேல்.

உயர் விகிதக் குழிகள் வெறுமையாய்த் தெரிந்தாலும் பதற வேண்டாம். இறுக்கமாய்ச் சுருண்ட டிஎன்ஏக்குள், அதைக் காட்டும் ஒளிரும் சாயம் புகமுடியாது. டிஎன்ஏ இருக்கிறது, ஒளிரவில்லை. இதை நிரூபிக்க ஹெப்பாரின் உதவும். டிஎன்ஏயைவிட வலுவான மறையேற்றம் கொண்ட அது புரோட்டமினைப் பறித்துக்கொள்ளும். மருத்துவத்தில் 1 மில்லிகிராம் புரோட்டமின் ஏறத்தாழ 100 அலகு ஹெப்பாரினை முறிக்கும். விகிதம் 2இல் ஒரு குழிக்குரிய 10 மைக்குரோலீற்றரில் இருப்பது 400 நனோகிராம் புரோட்டமின், ஆகவே 0.04 அலகு சமம். மில்லிலீற்றருக்கு 100 அலகாக ஐதாக்கிய ஹெப்பாரின் 5 மைக்குரோலீற்றர் சேர்த்தால் 0.5 அலகு, பன்னிரண்டு மடங்குக்கு மேல். பதினைந்து நிமிடம் கழித்து ஓட்டினால் டிஎன்ஏ முழுதாய்த் திரும்பி வரவேண்டும். துண்டு துண்டாய் வந்தால் பிளாஸ்மிட்டே கெட்டிருக்கிறது.

அல்புமின் போர்வை

வெறும் நேரேற்றத் துணிக்கையை வளர்ப்பூடகத்தில் விட்டால் அங்குள்ள 150 மில்லிமோலர் அளவு உப்பும் சீரப் புரதங்களும் அதைத் திரட்டும். அதற்கு முன்னால் நாமே ஒரு புரதத்தைப் போர்த்துவது நல்லது. மாட்டு அல்புமினின் சமமின்புள்ளி, அதாவது அதன் ஏற்றம் பூச்சியமாகும் பிஎச், 4.7ஐ ஒட்டியது, ஆகவே பிஎச் 7.4இல் அது மறையேற்றம் கொண்டு நேரேற்றத் துணிக்கையில் படியும்.

அடிப்படைக் கரைசலில் மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் அல்புமின் கரைத்து வடிகட்டி, விகிதம் 2 குழாயின் 200 மைக்குரோலீற்றருக்கு 10 மைக்குரோலீற்றர் ஒரே தடவையில் சேர்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். கஞ்சத்தனம் இங்கு உதவாது. அல்புமின் போதாவிட்டால் ஒரு மூலக்கூறு இரண்டு துணிக்கைகளைப் பிடித்துப் பாலம் போடும், போர்வைக்குப் பதில் கட்டி வரும்.

போர்த்தியது பலித்ததா என்று பார்க்க, போர்த்திய துணிக்கையிலும் போர்த்தாததிலும் 100 மைக்குரோலீற்றர் எடுத்து, 1.5 மோலர் உப்புக்கரைசல் 11 மைக்குரோலீற்றர் சேருங்கள். ஊடகத்தின் உப்பளவு அதுதான். கடல்நீர் அதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. அரைமணியில் போர்த்தாதது கலங்கும். போர்த்தியதும் அதே அளவு கலங்கினால் அல்புமினைக் கூட்டுங்கள். கலங்காதது மட்டும் கலத்துக்குப் போகட்டும்.

செய்து முடித்த துணிக்கையை 0.22 வடியில் வடிக்காதீர்கள். பாதி வடியில் நிற்கும். கிருமி நீக்கம் கலக்குமுன் ஒவ்வொரு கரைசலுக்கும் தனித்தனியாய். நைத்திரோசெல்லுலோசு வடியையும் தவிருங்கள், அது புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கலத்தில் இடுதல்

முதல்நாள் 24 குழித்தட்டில் குழிக்கு ஒரு இலட்சம் எச்ஈகே293 (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகக் கலவழி) கலங்கள். மறுநாள் பரப்பில் 60 முதல் 70 வீதம் மூடியிருக்க வேண்டும். சீரம் இல்லாத ஊடகம் 450 மைக்குரோலீற்றர், துணிக்கை 50 மைக்குரோலீற்றர். குழிக்கு ஏறத்தாழ 1 மைக்குரோகிராம் டிஎன்ஏ. நாலு மணிநேரம் கழித்து 10 வீதச் சீரம் சேர்த்த ஊடகத்துக்கு மாற்றி, 48 மணியில் ஒளிர்வு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். எச்ஈகே கலங்கள் தளர்வாய் ஒட்டுபவை. ஊடகத்தைக் கலத்தின்மேல் நேராய் ஊற்றாமல் சுவரோரமாய் இறக்குங்கள், 37 பாகைக்குச் சூடாக்கியபின் மட்டும்.

ஒளிர்வு குறைவாய்த்தான் வரும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கலம் துணிக்கையை விழுங்கும், ஆனால் விழுங்கியதை ஒரு பைக்குள் அடைத்து, அமிலமாக்கி, செரிக்கப் பார்க்கும். பொலிஎதிலீனிமீன் என்ற நேரேற்றச் செயற்கைப் பல்பகுதியம் போன்றவை அந்த அமிலத்தை உறிஞ்சிப் பையைப் பிளக்க உதவும் என்பது பரவலான விளக்கம். புரோட்டமினின் ஆர்ஜினின் எப்போதோ முழு ஏற்றம் பெற்றுவிட்டது, அதற்கு உறிஞ்ச இடமில்லை. உதவிக்குக் குளோரோகுயின். கிழக்கில் மலேரியாவுக்கு ஒருகாலத்தில் விழுங்கிய அதே மருந்து. நீரில் 10 மில்லிமோலர் கரைசல் செய்து, 500 மைக்குரோலீற்றர் குழிக்கு 5 மைக்குரோலீற்றர் இடுங்கள். அந்த நாலு மணிநேரத்துக்கு மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய் ஆறு மணி கழித்து வந்தால் கலம் குமிழி குமிழியாய்ப் பொரிந்திருக்கும்.

ஒப்பீடுகள் இல்லாமல் இந்த முடிவுக்குப் பெறுமதி இல்லை: எதுவும் இடாத கலம், வெறும் டிஎன்ஏ, வெறும் புரோட்டமின், குளோரோகுயின் மட்டும், கட்டாயம் ஒளிரவேண்டிய நேர்மாதிரியாக 25 ஆயிரம் மூலக்கூற்று நிறையுள்ள பொலிஎதிலீனிமீன். செத்த கலம் தானாகவே மங்கலாய்ப் பச்சை காட்டும். முதல்முறை பார்ப்பவர் அதை வெற்றி என்று எண்ணிவிடுவார். உண்மையான ஒளிர்வு கலம் முழுவதும் நிரம்பி, விளிம்பு தெளிவாய், ஒட்டியபடியே இருக்கும் கலத்தில் வரும்.

வெளியூருக்குக் கொண்டுபோகும்போது

கல வளர்ப்பு வசதிக்காக ஹபரணை வழியே கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருந்தால், செய்த துணிக்கையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மணிநேரத்துக்குள் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. பேருந்தின் குலுக்கலும் வெக்கையும் அதைத் திரட்டிவிடும். டிஎன்ஏ, புரோட்டமின், அல்புமின், அடிப்படைக் கரைசல் நான்கையும் தனித்தனிக் குழாயில், மூடியைப் படலத்தால் சுற்றி, மீன்வாடியில் வாங்கும் நொறுக்கு ஐஸில் வையுங்கள். ஐஸ் உருகிய நீர் குழாய் வாயைத் தொடாதபடி குழாய்களை முதலில் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுங்கள். வாடி ஐஸில் உப்பும் மீன்நீரும் இருக்கும். கலக்குவது போய்ச் சேர்ந்தபின், கலத்தட்டின் பக்கத்தில்.

துணிக்கையாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் குளுக்கோசுக்குப் பதிலாக 9.25 வீதச் சுக்குரோசில் செய்து உறைவுலர்த்துங்கள். சர்க்கரை இல்லாமல் உறையவிட்டால் பனிப்படிகம் துணிக்கைகளை ஒரு மூலைக்குத் தள்ளி நெரித்துவிடும். குளுக்கோசு அந்த வேலைக்குப் போதாது, உலர்த்தும்போது பிசுபிசுத்துச் சரியும். உலர்ந்த வெள்ளைக் கட்டியில் முதலில் இருந்த அளவுக்கே நீர் விட்டு, கரைந்ததும் 400 நனோமீற்றரில் மறுபடி அளவிடுங்கள். முன்னைய அளவோடு ஒத்துவராத குழாய் கலத்துக்குப் போகக்கூடாது.

பிளாஸ்மிட் பட்ட நுனி, குழாய், கலத்தட்டு எல்லாம் 121 பாகையில் 20 நிமிடம் அழுத்தக் கொதிகலனில் வைத்தபின்பே குப்பைக்கு. நடுவில் மின்வெட்டு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், 20 நிமிடத்தையும் முதலிலிருந்து எண்ணுங்கள்.